பெரட்டு மணி

மயில்வாகனம் நடத்திய இல்லத்தில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு தலையணை, பன்னிரண்டு போர்வை இருந்தன. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட பன்னிரண்டு விதிமுறைகளும் இருந்தன. ஆள்தான் ஒருவரும் இல்லை.

அவர் மனம் உடைந்துபோனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் கோப்பு பார்த்த மனிதருக்கு மனம் அத்தனை சுலபத்தில் உடையாது. முதலில் கோபம் வரும். பிறகு ஒரு சுற்றறிக்கை வரும். அதற்கும் பலன் இல்லாவிட்டால்தான் மனசு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும்.

ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் ஈப்போ பழைய டவுனில் நடக்கப் போவார். அங்கே அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஒருநாள் இவர் ஒருவரின் காலை மிதித்துவிட்டார். மிதிபட்டவர், "பரவால்ல சார், நீங்க போங்க" என்றார். அந்தப் 'பரவால்ல' மயில்வாகனத்தைத் தூங்கவிடவில்லை. இவர்களுக்கு ஒரு கூரை செய்து கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பிவிட்டார்.

அவர் முன்பு துணைத்தலைவராக இருந்த சங்கத்துக்கு ஊர் எல்லையில் ஒரு கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டத்து ஆபீஸ். தோட்டம் போய் வீடுகளும் டயர் கடையும் வந்த பிறகும் அந்த ஆபீஸ் மட்டும் மிஞ்சி நின்றது. மயில்வாகனம் குளித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. அஞ்சடியில் படுப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், அதிலும் சிலர் இதே தோட்டத்தில் இருந்தவர்கள். அவர்களைத் தங்கள் தோட்டத்துக்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! தலையைத் துவட்டாமலே ஓடிவந்து மனைவி சாரதாதேவியிடம் சொன்னார்.

"முதல்ல தலையத் துடையுங்கோ" என்றார் சாரதாதேவி.

கட்டடத்தைச் சுத்தம் செய்தபோது பின்கட்டில் ஒரு தண்டவாளத் துண்டு கிடைத்தது. மூன்றடி நீளம், ஒரு முனையில் ஓட்டை. பார்த்ததும் மயில்வாகனத்தின் கண் கலங்கிவிட்டது. அது அந்தத் தோட்டத்தின் பெரட்டு மணி. விடியும் முன்னே அதை இரும்பால் தட்டுவார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்து ஆட்கள் ஓடிவந்து ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். அதற்குத்தான் பெரட்டு என்று பெயர்.

தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மயில்வாகனத்தின் அப்பா கிராணியாக இருந்தார். சின்ன வயசில் அந்த 'ணங்... ணங்...' சத்தம் கேட்டுத்தான் இவருக்குப் பொழுது விடியும். அந்தச் சத்தத்தைப் போல இனிமையானது உலகத்தில் வேறு இல்லை என்பார். உண்மைதான். அந்த மணிக்கு எழுந்து ஓடியவர்கள் வேறு ஆட்கள். இவர் போர்வைக்குள் இருந்தபடி அதைக் கேட்டுவிட்டு, புரண்டு படுத்துத் தூங்கியவர்.

ஆகவே தண்டவாளத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, முன்வாசல் உத்தரத்தில் தொங்கவிட்டார்.

முதல் திங்கட்கிழமை வேனில் ஏழு பேர் வந்தார்கள். சோறு, பருப்பு, முட்டைக் கறி எல்லாம் சாப்பிட்டார்கள். மெத்தையை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மயில்வாகனம் மணி அடித்தார். ஏழு பேரும் எழுந்து வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையை முன்னால் கட்டிக்கொண்டு, பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு, கயிறு பிடித்த மாதிரி நின்றார்கள். மயில்வாகனம் பேர் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு என்று பூரித்துப்போனார்.

மத்தியானம் பார்த்தால் ஒருவரும் இல்லை. எல்லாரும் பஸ் ஏறிப் பழைய டவுனுக்குப் போய்விட்டார்கள். போர்வைகளை அழகாக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் மயில்வாகனத்துக்கு இன்னும் வலித்தது.

இரண்டாவது வாரமும் அப்படியே, மூன்றாவது வாரமும் அப்படியே. நான்காவது வாரத்தின் தொடக்கத்தில் சங்கச் செயலாளர் முகுந்தன் போன் செய்தான். முப்பது வயசுப் பையன், கணக்காகப் பேசுவான்.

"அங்கிள், அந்த பில்டிங்கக் குருவி வளக்கறதுக்குக் கேக்குறாங்க. ஸ்பீக்கர்ல குருவிச் சத்தம் போட்டா போதும், குருவிங்க தானா வந்து கூடு கட்டிரும். அந்தக் கூட்ட சூப்புக்கு நல்ல வெலைக்கு வாங்குறாங்க. சனிக்கிழம காலைல எட்டரைக்கு வாரேன். ஆறு பேராவது அங்க தங்கியிருக்கணும். இல்லன்னா குருவிக்குக் குடுத்துர வேண்டியதுதான் லா."

"மனுஷன் இருக்க வேண்டிய இடத்தில குருவியா?"

"மனுஷன் வர மாட்டேங்கிறானே அங்கிள்" என்றான் முகுந்தன்.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அவர் நேரே ஜைனுலாப்தீன் கடைக்குப் போனார். பழைய டவுனில் மூலைத் தேநீர்க்கடை. அஞ்சடி ஆட்களுக்கு அதுதான் தலைமையகம். ஜைனுலாப்தீன் கடை சாத்தியபின் தன் வாசலில் யார் படுத்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். காலையில் கடை திறக்கும்போது அவர்கள் நாற்காலிகளை இறக்கிப் போடுவார்கள், அவர் தேத்தண்ணி கொடுப்பார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

மயில்வாகனம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் வந்துவிட்டீர்கள் என்று விசாரணை நடத்தினார். முதலில் பத்துமலையைக் கேட்டார். அறுபத்தாறு வயசு, ஒல்லியான மனிதர். அன்றைக்குக் கால் மிதிபட்டுப் 'பரவால்ல' சொன்னவர் இவர்தான். அந்தத் தோட்டத்திலேயே முப்பத்தொரு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

பத்துமலை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கொசு சார்" என்றார்.

"கொசுவா? இங்க சாக்கடைப் பக்கத்தில படுக்கிறீங்களே, இங்க இல்லாத கொசுவா?"

"இது பழகுன கொசு சார்."

இன்னொருவர் பருப்பில் உப்பு இல்லை என்றார். மற்றொருவர் காற்றாடி கிறீச்கிறீச் என்கிறது என்றார். கடைக்கு வெங்காயம் உரிக்கும் இருளாயி, எழுபது வயசு, ஊரிலேயே வாய்த்துடுக்கான பெண்பிள்ளை, கட்டில் உயரம் என்றார். "தரையில படுத்த ஒடம்பு சார். அம்புட்டு ஒசரத்துல படுத்தா விழுந்துருவமோன்னு ராத்திரி பூரா கட்டிலப் புடிச்சிக்கிட்டே கெடந்தேன்."

மயில்வாகனம் அத்தனையையும் எழுதிக்கொண்டார். நம்பர் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கொசுவலை வாங்கினார். சமையல்காரரிடம் உப்பைப் பற்றி நீளமாகப் பேசினார். புதன்கிழமை காற்றாடிக்கு எண்ணெய் விட்டார். வியாழக்கிழமை ஒரு தச்சரைக் கூட்டிவந்து பன்னிரண்டு கட்டில்களின் கால்களையும் அரையடி உயரத்துக்கு அறுத்துவிட்டார். நாற்பத்தெட்டுக் கால். தச்சர் போகும்போது அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெற்றிவீரர் மாதிரி ஜைனுலாப்தீன் கடைக்கு வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் அஞ்சடி ஆட்கள் எல்லாரும் உள்ளே ஒண்டியிருந்தார்கள்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு. கட்டில் காலைக்கூட வெட்டியாச்சு. இப்ப வாரீங்கதானே?"

பத்துமலை தேத்தண்ணிக் கிளாசுக்குள் எதையோ தேடினார். திடீரென்று இருளாயி சிரிக்க ஆரம்பித்தார். வெங்காயத்தை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஐயோ சார், நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன். அதுக்குப் போயி கட்டில் கால வெட்டிப்புட்டீங்களா? அதுக்கு அந்தத் தண்டவாளத்தக் கழட்டி இருக்கலாமே!"

"அக்கா, சும்மா இருங்க" என்றார் பத்துமலை.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? பாவம், இந்த மனுஷன் கட்டிலு கட்டிலா வெட்டிக்கிட்டு இருக்காரு. விட்டா அடுத்து செவுத்த வெட்டுவாரு. சொல்லுய்யா தம்பி."

மயில்வாகனம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பத்துமலை அதைப் பார்த்தார். பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, மயில்வாகனம் தானாகவே அதை மூடிவைத்தார்.

"சார், நீங்க நல்ல மனுஷன். அதான் சொல்லல" என்று ஆரம்பித்தார் பத்துமலை. "எனக்கு இப்பவும் நாலரைக்கே முழிப்பு வந்துரும். ஒடம்பு மறக்கல. ஆனா முழிச்சிட்டு அப்படியே படுத்துக் கெடப்பேன் சார். யாரும் கூப்பிட மாட்டாங்க. எங்கயும் ஓட வேணாம். வானம் வெளுக்கறதப் பாத்துக்கிட்டே கெடப்பேன். அந்தச் சொகத்துக்கு ஒங்க மெத்தை ஈடு இல்ல சார்."

"மணி உங்களுக்குப் பிடிக்கல்லையா?" மயில்வாகனத்தின் குரல் சின்னதாகிவிட்டது.

"மொதப் புள்ளைக்கு என் சம்சாரத்துக்கு வலி வந்துச்சு. மருத்துவச்சியக் கூட்டியாந்து விட்டுட்டு பெரட்டுக்கு ஓடுனேன். அஞ்சு நிமிஷம் லேட்டு. கிராணி நிமிந்துகூடப் பாக்கல. 'பேரு வெட்டு, வீட்டுக்குப் போ'ன்னாரு. அன்னைக்குக் கூலி போச்சு. அது போகட்டும். கடேசிப் பெரட்டு இருக்கே சார், அன்னைக்கும் இதே மணிதான் அடிச்சாங்க. இதே வாசல்தான். வரிசையா நின்னோம். பேரு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கடுதாசி குடுத்தாங்க. தோட்டத்த வித்தாச்சு, வீட்டக் காலி பண்ணுன்னு. அன்னைக்கு வீட்ட விட்டவன்தான் சார். அதுக்கப்புறம் மச்சான் வீடு, லோரிப் பட்டறை, இந்த அஞ்சடின்னு சுத்திக்கிட்டு இருக்கேன். நீங்க அதே எடத்துல நின்னு 'பத்துமலை'ன்னு கூப்பிட்டீங்க பாருங்க, என் கை தானா கடுதாசி வாங்க நீண்டுச்சு."

ஜைனுலாப்தீன் இன்னொரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து மயில்வாகனத்தின் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார். மயில்வாகனத்துக்கு வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாரதாதேவி காய் நறுக்கியபடியே கேட்டுவிட்டு, "ரிட்டையர் ஆன அன்றைக்கு அலாரத்தின்ர பேட்டரியக் கழட்டி வாய்க்கால்ல வீசினது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"பிறகென்ன?"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை தனக்கே நடந்துவிட்டது என்று மயில்வாகனத்துக்குப் புரிந்தது. கட்டில், உப்பு, காற்றாடி எல்லாம் சரிதான். ஆனால் தெருவில் அந்த மனிதர்களுக்கு இருந்த ஒரே சொத்தை அவர் முதல் விடியலிலேயே பறித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் விதிமுறைப் பலகையைக் கழற்றினார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழு மணிக்குக் கதவு பூட்டப்படும். பைகள் ஆபீசில் ஒப்படைக்கப்பட வேண்டும். விளக்கு ஒன்பதுக்கு அணைக்கப்படும். படிக்கப் படிக்க இது இல்லமா, லோக்கப்பா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அடுப்பை அணைக்கவும் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கிழித்துப் போட்டார். பிறகு பழைய டவுனுக்குப் போனார்.

"மணி கிடையாது, பேர் கூப்பிடுறது கிடையாது. கதவுக்குப் பூட்டு கிடையாது. எப்ப வேணும்னாலும் வரலாம், எப்ப வேணும்னாலும் போலாம். நாளைக்கு ஆறு பேர் இல்லாட்டி அந்த இடம் குருவிக்குப் போயிரும். வாரீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். வரல்லைன்னாலும் கோபம் இல்ல."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருளாயிதான் பேசினார். "வாரோம் சார். ஆனா ஒரு கண்டிசன். இம்புட்டு வருசம் நாங்க நின்னோம். நாளைக்குக் காலைல ஒரே ஒரு பெரட்டு. நம்ம பத்துமலை கிராணி. நீங்க நிக்கணும்."

"அக்கா! சார் பெரிய மனுஷன்" என்று பதறினார் பத்துமலை.

"பெரிய மனுஷனுக்குக் காலு இல்லையா, நிக்கறதுக்கு?"

மயில்வாகனம் கொஞ்சம் தயங்கினார், பொய் சொல்லக்கூடாது. கிராணி மகன், அரசாங்க அதிகாரி, சங்கத்தின் முன்னாள் துணைத்தலைவர் என்று எல்லாம் அவருக்குள் ஒருமுறை எழுந்து நின்று ஆட்சேபித்தன. ஆனால் கேட்டது நியாயம். நியாயத்தை ஒப்புக்கொள்ளாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சரை" என்றார் இருளாயி. "கரெக்டா."

வேனில் ஆறு பேர் ஏறினார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை நம்மவர் கார்ச் சாவியைத் தேடினார். அது மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மூக்குக்கண்ணாடி சாவி மாட்டும் ஆணியில் இருந்தது. இடம் மாறிக் கிடந்த இந்த இரண்டையும் கண்டுபிடித்துக்கொண்டு, ஈரமான ரோட்டில் காரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தூரத்திலேயே 'ணங்... ணங்...' என்று கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் அவருக்கு இனிக்கவில்லை. காரை நிறுத்திவிட்டுப் புல்லில் ஓடினார். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.

முன்வாசலில் மேசைக்குப் பின்னால் பத்துமலை உட்கார்ந்திருந்தார். யாரிடமோ வாங்கிய மூக்குக்கண்ணாடியும் முகத்தில் இருந்தது. மற்ற ஐந்து பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் தேத்தண்ணியோடு படிக்கட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மயில்வாகனம் ஒற்றைச் செருப்போடு வந்து வாசலில் நின்றார். கைகள் தானாக முன்னால் கட்டிக்கொண்டன.

"மயில்வாகனம்!" என்று பத்துமலை கூப்பிட்டார்.

"வந்துட்டேங்க."

பத்துமலை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவர்க்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். "மணி என்ன?"

"அஞ்சு முப்பத்தஞ்சு. சாவி... சாவியக் காணல்ல."

"லேட்டு. பேரு வெட்டு. வீட்டுக்குப் போ."

படிக்கட்டில் சிரிப்பு வெடித்தது. இருளாயி தேத்தண்ணியை மேலே கொட்டிக்கொண்டார். மயில்வாகனமும் சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் வாய் ஒத்துழைக்கவில்லை. அறுபத்திரண்டு வயசில், விளையாட்டு என்று தெரிந்தும், ஈரப் புல்லில் அப்படி நிற்பது அவருக்குத் தாங்கவில்லை. நிஜமாகவே வீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை விட்டுவிட்டு வந்து நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க பத்துமலை" என்றார்.

பத்துமலை புத்தகத்தில் எதையோ நிதானமாக எழுதிவிட்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளையாட்டுக்குத்தான சார்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்ச் சேற்றில் கிடந்த செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டார். அப்புறம் இருவரும் சேர்ந்து தண்டவாளத்தை உத்தரத்தில் இருந்து இறக்கினார்கள்.

"இத என்ன பண்றது?" என்றார் மயில்வாகனம்.

"இந்தக் கதவு தானா சாத்திக்கிது. அதுக்கு முட்டுக் குடுங்க" என்றார் இருளாயி.

கதவை விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி தண்டவாளத்தை வாசற்படியோரம் போட்டார்கள். பத்துமலை வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். "அப்ப நான் படுக்கறேன் சார்" என்று உள்ளே போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

எட்டரைக்கு முகுந்தன் வந்தபோது மயில்வாகனம் ஒருவர்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அங்கிள் ஆளுங்க?"

"தூங்கிறாங்க."

"இந்நேரம் வரைக்குமா?"

"மெதுவாப் பேசு. எண்ணிக்கொள்."

முகுந்தன் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தான். குட்டைக் கட்டில்களில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களை எண்ணினான். பன்னிரண்டு. அப்படியும் நம்பாமல், மேசைமேல் இருந்த வருகைப் புத்தகத்தைத் திறந்தான். அன்றைய தேதியில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது. கோணல்மாணலான எழுத்தில் 'மயில்வாகனம்' என்று எழுதி, நெடுக ஒரு கோடு போட்டு அடித்திருந்தது.

"என்ன அங்கிள், உங்க பேர மட்டும் எழுதி வெட்டியிருக்கு?"

"லேட்டா வந்துட்டேன்" என்றார் மயில்வாகனம்.

முகுந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறு பேர் என்றால் ஆறு பேர், குருவிக்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினான். திரும்பியவன் படியோரம் கிடந்த தண்டவாளத்தைக் கவனிக்கவில்லை. கால் இடறியதில் அவன் கையில் இருந்த கனமான சாவிக்கொத்து நழுவி அதன்மேல் விழுந்தது.

'ணங்' என்றது.

மயில்வாகனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். மூன்றாவது கட்டிலில் பத்துமலை ஒரு கண்ணைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, புரண்டு படுத்துத் தூங்கினார்.